ஏரிக்கும் மோட்டாருக்கும் நடுவே

கப்பலின் அடித்தளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது என்பதை அந்த முதுகிடமே கேட்டு எழுதவும். நீங்களாகச் சொன்னால் நம்புவதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நம் குடும்பத்தில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. பிரம்பு நாற்காலி இனிமேல் சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது தீர்மானம். முன்மொழிந்தது நான். வழிமொழிந்ததும் நான். எதிர்ப்புச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது. நகராட்சி அலுவலகத்தில் இத்தனை வருடம் கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எடுத்த அன்றைக்கே அமலுக்கு வந்த தீர்மானத்தை நான் பார்த்தது இதுவே முதல் தடவை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் கடைசியாக எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒப்பந்தம் முடிகிறது, இறங்கிவிடப்போகிறேன், வாடகை வீடு போதும், சொந்தமாக ஒன்று பார், பொறுப்பை உன்னிடமே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் மண் தெரியவேண்டும், தண்ணீர் குழாயில் வந்தால் போதும், கண்ணில் படக்கூடாது என்று ஒரு நிபந்தனை. ஏரி, குளம் என்று எதையாவது பார்த்துவைத்தால் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கப்பலிலேயே இருந்துவிடுவேன் என்று ஒரு மிரட்டல். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சும்மா தமாஷுக்கு எழுதியிருப்பாருடி" என்றாள். உங்களிடம் இருக்கும் தமாஷ்கள் இரண்டு. இரண்டையும் எனக்குத் தெரியும். இது அவற்றில் இல்லை.

நம் கல்யாணத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். மாப்பிள்ளை கப்பலில் வேலை என்றார்கள். வீடு கடலோரம்தான் இருக்கும் என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். நீங்களோ, பெண் வீட்டைச் சுற்றி ஒரு குட்டைகூடக் கிடையாது என்று கேள்விப்பட்டதும் சந்தோஷமாகத் தலையாட்டினீர்களாம். இரு தரப்பும் மனநிறைவோடு மாலை மாற்றிக்கொண்டோம்.

எனக்குத் தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் தெருக்கோடித் தொட்டி நிரம்பி வழியும் இடத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். நோட்டு நனைந்ததற்காக வாத்தியாரிடம் வாங்கிய அடிக்கு அளவில்லை. அலுவலகத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்ற, ஒழுகும் தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்து மேஜையை நான் கேட்டு வாங்கினேன். தியாகம் என்று நினைத்து மேலாளர் பாராட்டினார். "இவளை எங்க தொலைச்சாலும் கவலையில்ல, தண்ணி இருக்கிற பக்கம் போய்த் தேடினா கிடைச்சிடுவா" என்று அக்கா இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள். பழைய வீட்டில் எனக்கு வாய்த்த நீர்நிலை, எதிர் மாடித் தொட்டி காலையில் நிரம்பி வழிவது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். அவர்கள் அதற்கும், வழியுமுன் தண்ணீரை நிறுத்திவிடும் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டார்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஓர் இரும்புத் தகடு, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். அது இந்தப் பக்கம் வரக்கூடாது. இயந்திர அறை இரைச்சலுக்கு நடுவே முப்பது வருடமாக இதுதான் உங்கள் உத்தியோகம். நான் உட்கார்ந்து பார்க்கிற பொருளை நீங்கள் உள்ளே விடாமல் காவல் காக்கிறீர்கள். ஜெயில் வார்டரைக் கைதியின் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவைப்பது முறையில்லைதான்.

ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். லீவில் வந்தபோதெல்லாம் நீங்கள் தூங்கியதே இல்லை. மெத்தை சரியில்லை என்றீர்கள், மாற்றினோம். காற்றில் ஈரம் என்றீர்கள், ஜன்னலைச் சாத்தினோம். கடைசி லீவில் மதியம் கீழ்வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம் தூங்கினீர்கள். மோட்டாரை நிறுத்தினார்கள். அடுத்த நொடி எழுந்து நின்று, "என்ன ஆச்சு? யாரு நிறுத்தினது?" என்று கேட்டுக்கொண்டே ஷூவைத் தேடினீர்கள். ஒன்றும் ஆகவில்லை, கீழே தொட்டி நிரம்பிவிட்டது என்றேன். உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கப்புறம் கண்ணை மூடவே இல்லை. இறங்கிவந்த பிறகு வாழ்நாள் முழுக்க இந்த மனுஷன் இப்படியே விழித்துக்கிடப்பாரோ என்ற பயம் அன்றைக்கு எனக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

இனி வீட்டு விஷயம்.

தரகர் முதலில் காட்டியவை எல்லாம் உங்கள் நிபந்தனைப்படி மண் தெரிகிற வீடுகள். மண் நன்றாகவே தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக, "ஒண்ணு இருக்கும்மா, ரொம்ப நாளா காலியா கிடக்கு, உங்களுக்குப் பிடிக்காது" என்று ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். முன்னறைக் கதவைத் திறந்தார். ஜன்னல் முழுக்க ஏரி. உங்களுக்காக யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் பொய். அந்த நிமிடம் உங்கள் ஞாபகமே எனக்கு இல்லை.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். "அமைதின்னா அமைதி, அப்படி ஒரு அமைதிம்மா. ஊசி விழுந்தா கேட்கும்." ஊசி விழவில்லை. பின்பக்கம் பெரிய சத்தமாக ஏதோ கிளம்பியது. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றும் பம்ப் கட்டடம் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. ஆபரேட்டருக்கு டீ வாங்கிக்கொடுத்து, நான் பார்த்துவிட்டுப் போகும்வரை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார் தரகர். டீ முடிந்துவிட்டது. ஊர்த் தண்ணீரை ஒரு டீக்கு நிறுத்தமுடியும் என்பது நகராட்சியில் வேலை பார்க்கும் எனக்கே புதுச் செய்தி.

"எப்பவாவதுதாம்மா ஓடும்" என்றார், குரலை உயர்த்தி.

"எப்பவாவதா?" என்றேன். என் முகம் வாடியதை அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

"சரிம்மா, மறைச்சு என்ன ஆகப்போகுது. அடிக்கடி ஓடும்."

"ராத்திரியிலயும் ஓடுமா?"

"ஓடும்மா."

"கரண்ட் போனா நின்னுடுமா?"

"நிக்காதும்மா. ஜெனரேட்டர் வச்சிருக்காங்க. ஒரு மோட்டாரைக் கழட்டினா இன்னொண்ணு ஓடும். அதை நிறுத்தவே முடியாது" என்றார், இனி எதுவும் மிச்சமில்லை என்கிற குரலில்.

வீடு வேண்டும் என்றேன். சாவியை நழுவவிட்டார். "எதுக்கும் வீட்டுல ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். "அவருக்குத்தான் அந்தப் பின்னறை" என்றேன். நம் குடும்ப வாழ்க்கையைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்.

பின்னறையிலிருந்து சொட்டுத் தண்ணீர் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர், கைக்கெட்டும் தூரத்தில். கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். படுத்தால் சத்தம் காதுக்கு வருமுன் முதுகுக்கு வருகிறது. நான் படுத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை, எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டு மேஜை நடு அறையில். முன்னறைக்குத் திரைச்சீலை வாங்கியிருக்கிறேன். நீங்கள் வாசலுக்குப் போகும்போது குரல் கொடுத்தால் இழுத்துவிடுவேன்.

அக்கா வந்து பார்த்தாள். "உனக்கு ஏரி, அவருக்கு இரைச்சல். உருப்பட்ட மாதிரிதான்" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "வந்து பார்த்துட்டு, வந்த பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போயிட்டாருன்னா என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் உடனே பதில் சொல்கிற வழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு, ஆட்டோ போய்விடும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

ஏரியில் விசேஷம் ஒன்றும் இல்லை. மீனுக்குத் தீனி போடக்கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. அதன் கீழே நின்று தினமும் ஒருவர் தீனி போடுகிறார். பலகையை வைத்த துறையிலிருந்து ஓய்வு பெற்றவராம். மற்றபடி காலையிலிருந்து ஒன்றும் நடப்பதில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குப் பதிலாக நான் எதையும் முடிவு செய்ததாக நினைக்கவேண்டாம். வீட்டை மட்டும்தான் முடிவு செய்தேன். மறுபடி கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு பகல் இங்கே வந்து தூங்கிவிட்டுப் போங்கள். நான் எழுப்பமாட்டேன். எழுந்த பிறகு, அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமும் என்ன இருந்தது என்று பார்க்கத் தோன்றினால் முன்னறைக்கு வரலாம். தோன்றாவிட்டால் அங்கேயே இருங்கள். இரண்டுக்கும் ஒரே கூரைதான்.

நீங்கள் இறங்கும்வரை உங்கள் இயந்திரங்கள் நிற்காமல் ஓடட்டும். குனிந்து எதையும் தூக்கவேண்டாம்.

கரையில் இருக்கும்,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: பதிலை உறையின் பின்னால் எழுதியிருக்கும் முகவரிக்குப் போடவும். பழைய வீட்டில் ஒரு பல் மருத்துவர் குடிவந்துவிட்டார்.