ஈரத் துண்டோடு நிற்க ஒருத்தி

கடுங்கோபத்தில் இருக்கும் என் அன்புத் தங்கை வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அம்மா, உன் அண்ணி, நான் மூவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் போட்ட சத்தத்தில், தையல் கடையில் அடுத்த மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு தடவை வெந்தது போதாதா, நாற்பத்தெட்டு வயசுல நெருப்பைச் சுத்துறியாமே, புத்தி கெட்டுப்போச்சான்னு கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்தும்விட்டாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் நெருப்பைச் சுற்றுபவர் வேறு ஆள். ஓரத்தில் தோளில் ஈரத் துண்டோடு முழித்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் உன் அண்ணன்.

எல்லாம் என் வலது கையால் வந்தது. சின்ன வயதில் வெந்த தோல் வரவர இழுத்துப் பிடித்துக்கொண்டதில், கடையில் மேல்தட்டுத் துணியைக்கூட எடுக்க முடியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தரும் அம்மா, நீளமான காலுறைக்குள் ஒரு பந்தைப் போட்டுச் சுற்றச் சொன்னார். முதல் வாரம் பந்து என் பின்மண்டையைப் பதம் பார்த்தது. இரண்டாவது வாரம் வீட்டு விளக்கைப் பார்த்தது. உன் அண்ணி என்னை மொட்டை மாடிக்குத் துரத்தினாள். நான்கு மாதத்தில் கை தலைக்கு மேலே போனது, வாலு! அன்று நான் அலமாரியின் மேல்தட்டை மூன்று முறை காரணமே இல்லாமல் தொட்டுப் பார்த்தேன்.

இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்க என்றார். அங்கே அவரும், ஒரு பஸ் டிரைவரும், இரண்டு நர்ஸுகளும் சங்கிலி நுனியில் திரித்துணி உருண்டையைக் கட்டி, மண்ணெண்ணெயில் நனைத்து, கொளுத்திச் சுற்றி ஆடுகிறார்கள். யாருக்காகவும் இல்லை, அவர்களுடைய சந்தோஷத்துக்கு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம்தான் உள்ளே போனேன்.

அங்கே ஒரு சட்டம். ஆடுகிறவர் மேல் தீப்பற்றினால் அணைப்பதற்கு, புதிதாக வந்தவர் மூன்று மாதம் ஈரத் துண்டு பிடிக்க வேண்டும். ஆடுகிறவர், தனக்கு யார் துண்டோடு நிற்க வேண்டும் என்று அவரே ஆளைத் தேர்ந்தெடுப்பார். அவரைப் பார்த்து, பாத்துக்கோ என்பார். பாத்துக்கிறேன் என்று பதில் வந்த பிறகுதான் தீக்குச்சி உரசுவார்கள். துண்டு பிடிப்பவர் கை தட்டக் கூடாது, அடுத்தவரிடம் பேசக் கூடாது, ஆட்டத்தைக்கூட ரசிக்கக் கூடாது. கண் ஆடுகிறவர் மேலேயே இருக்க வேண்டும்.

போன மாதம் டிரைவரின் கால்சட்டை ஓரத்தில் நெருப்புப் பிடித்தது. நான் பாய்ந்து துண்டைப் போட்டு, அவரைக் கீழே தள்ளி, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நெருப்பு அப்பவே அணைஞ்சிருச்சு சார், நீங்க எந்திரிச்சாத்தான் நான் மூச்சு விட முடியும் என்றார், பாவம். துண்டை வெச்சு அமுக்கினாப் போதுமே, மேல ஏறி உக்காரணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு அந்த அம்மா கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான். என் மேல் தீப்பிடித்த அன்று நீ செய்தது. உனக்குப் பதினொரு வயது. வாளியில் ஊறிக்கொண்டிருந்த போர்வையை இழுத்து வந்து என்னைச் சுருட்டி, மேலே ஏறி உட்கார்ந்தாய். பக்கத்து வீட்டார் வந்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் மேல் தீப்பிடித்தபோது, துண்டோடு தயாராக நின்ற எனக்கே ஒரு நொடி கால் நகரவில்லை. உனக்கு யாரும் பாத்துக்கோ என்று சொல்லிவைக்கவில்லையே! உன் உள்ளங்கை கொப்பளித்திருந்ததை இரண்டு நாள் யாருமே பார்க்கவில்லை. ஒருநாள்கூட நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஸ்டவ்வில் எண்ணெய் நிறைய ஊற்றிவிட்டேன், அதனால்தான் பொங்கித் தீப்பிடித்தது என்று நீயே சொன்னாய். எல்லோரும் நம்பினார்கள். நீயும் நம்பினாய். அது உண்மை இல்லை. டீ போடப் போனேன், தீ மங்கலாக இருந்தது. எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றியவன் நான்தான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது தெரியாது என்றேன். அம்மா உன்னைத் திட்டியதையெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். முப்பத்துநான்கு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் நீ எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும், கை எப்படிண்ணா இருக்கு என்றுதான் ஆரம்பிக்கிறாய். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கூசிப்போகிறேன்.

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் புள்ளைய நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று மட்டும் சொன்னார். மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் போன் செய்தால் வைத்துவிடாதே. என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நெருப்போடு ஆட என் முறை வந்து நான்கு வாரமாகிறது. நான்கு வாரமும் முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். துண்டோடு நிற்க டிரைவர் தயாராகத்தான் இருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உனக்கு லீவு கிடைக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. மன்னிக்க முடியவில்லை என்றாலும் வா. தீப்பட்டாலும் உருகி ஒட்டாத பருத்தித் துணியில் உனக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். துண்டை நானே நனைத்துப் பிழிந்து உன் கையில் கொடுப்பேன். நீ வரும்வரை நான் தீக்குச்சியைத் தொட மாட்டேன்.

இந்தக் கையும் இந்த உயிரும் நீ கொடுத்தது. நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

பாத்துக்கோ.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்