கூடப் போகிறவள்

எபெப் மாதம் 9

வயேகி ஐயா இன்றும் கோப்பையில் பாதியை மிச்சம் வைத்துவிட்டார். கள் புளித்துவிட்டது என்று என்மேல் எரிந்து விழுந்தார். புளிக்கவில்லை. வாயில் வைத்துப் பார்க்காமல் அவருக்கு நான் ஒரு நாளும் ஊற்றியதில்லை. அவருக்குத்தான் இறங்கவில்லை. கால்கள் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

இவ்வளவு கவலைப்படுகிறேனே, அவருக்காகவா, எனக்காகவா?

இதை யாரிடம் கேட்பது? உடைந்த கள் ஜாடியின் ஓடுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஜாடிகளில் அடையாளம் எழுத ஐயாதான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஓட்டில் எழுதினால் ஒரு வசதி, பிடிக்காவிட்டால் ஆற்றில் எறிந்துவிடலாம்.

எபெப் 11

தங்கை லபகி வந்தாள். என்னைக் கேலி பண்ணாமல் உட்கார மாட்டாள். இன்று அவரைக்காயைக் கையில் கொடுத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமாக்கா?"

"தெரியும். வயேகி கிழவர் போயிடுவாரு, கூடவே நதேவியும் போயிடுவா. அதானே?"

"உனக்கு எப்படிக்கா இப்படிச் சொல்ல வருது?"

எப்படி வராமல் இருக்கும்? சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த வெண்கலக் கோப்பையை என் கையில் கொடுத்தவர்கள் சொல்லித்தானே கொடுத்தார்கள். எங்கள் நோபா மக்களில் ஊர்த்தலைவர் கண்ணை மூடினால், அவருடைய குதிரையும் அவருக்குக் கள் ஊற்றுகிறவளும் அவரோடு குழிக்குள் போக வேண்டும். மேலே மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுவார்கள். அந்தப் பக்கத்திலும் அவருக்குச் சவாரி வேண்டும், அங்கேயும் தாகம் எடுக்கும். எனக்கு ஊர் வைத்த பெயரே அதுதான் — கூடப் போகிறவள். அதற்காகத் தெருவில் எனக்கு வழி விடுகிறார்கள், விருந்தில் முதல் கறித்துண்டு எனக்கு. பெண் கேட்டு மட்டும் யாரும் வந்ததில்லை. ஒரு பேரீச்சங்கன்றுகூட யாரும் கொடுத்ததில்லை. அது காய்க்க வருஷக்கணக்காகும். எனக்கு எதற்கு?

லபகி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் போயிருக்கலாம்.

எபெப் 14

ஐயாவின் அக்காள் மகன் மலோதொன் வந்துவிட்டான். எங்களில் தலைமை அக்காள் மகனுக்குத்தான். வந்தவன் மாமாவைப் பார்க்கப் போகவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய் வெள்ளைக் குதிரையின் பல்லைப் பார்த்தான், பிடரியைத் தடவினான், ஆற்றோரமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். இறங்கவே மனமில்லை. பிறகுதான் மேடு போடும் இடத்தைப் பார்க்க ஆட்களோடு போனான். மாமாவுக்குப் பெரிய மேடு போட்டவனைத்தான் ஊர் பெரிய தலைவன் என்று மதிக்கும்.

என்னைப் பார்த்ததும், "நல்லா சாப்பிடு நதேவி. மெலிஞ்சு போயிருக்கே. அங்க போய் மாமாவுக்கு யாரு ஜாடி தூக்குவா?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

எபெப் 17

தலைநகர் பக்கோராஸில் அரசரே தண்ணீரில் முங்கிப் புதுச் சாமியின் முழுக்கை வாங்கிக்கொண்டாராம். தலைவர்கள் அவரவர் விருப்பம்போல் செய்யலாமாம். ஓடு சின்னது.

எபெப் 18

ஐயா கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அரசனே தண்ணியில முங்கிட்டான். நம்ம ஐசிஸ் தாயோட தீவுக் கோயிலையும் பூட்டிட்டாங்க. நான் செத்துப் போய் அந்தக் கதவைத் தட்டினா, திறக்க ஆள் இருக்குமா?"

"எனக்கென்னய்யா தெரியும்."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். சும்மா பேசிட்டிருக்கேன்." கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "நானும் முங்கிடலாம்னு பார்க்கிறேன்."

புதுச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் குழியில் ஒன்றும் வைப்பதில்லை, ஒரு சட்டிகூட வைப்பதில்லை என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். முகத்தில் ஏதும் தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன்.

"ஆனா முதல்ல நீ போய் முங்கிட்டு வா," என்றார்.

"நான் எதுக்குய்யா?"

"அட கூறுகெட்டவளே. நான் புதுச் சாமி வீட்டுக்குப் போயி, நீ பழைய சாமி வீட்டுக்குப் போனா எனக்கு யாரு ஊத்துவா? ரெண்டு பேரும் ஒரே வாசல்ல போய் நிக்கணும்ல."

எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது கள்ளைச் சிந்திவிட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

எபெப் 20

ஐயா சொன்னபடி முழுக்குக்குப் போனேன். புதுச் சாமியின் கொல்லூத் குரு எகிப்துக்காரர். எங்கள் வெயில் அவருக்கு ஆகாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆற்றோரக் குகையில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டேதான் போதிக்கிறார், அதட்டுகிறார், முழுக்குக் கொடுக்கிறார். இடுப்பில் ஒரு துண்டு. விரல்கள் ஊறிச் சுருங்கிக் கிடக்கின்றன. எங்கள் பேச்சை உடைத்து உடைத்துப் பேசினாலும் புரிகிறது.

"எதுக்கு முழுக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "எங்க ஐயா முங்கப் போறாரு. அவர் செத்தா நான் கூடப் போகணும். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போகணும்னு அனுப்பினாரு. அங்கயும் நான்தானே கள் ஊத்தணும்."

"கூட எங்க?"

"குழிக்குள்ள."

"நீ வயசாகிச் செத்த பிறகு?"

"இல்ல. அவர் செத்ததும்."

பாவம், எழப் போனவர் கால் சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். எழுந்தபோது தாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கண் சிவந்திருக்கிறது. "கூடாது. அது கொலை. முழுக்கு வாங்கினவர் யாரையும் இழுத்துட்டுப் போகக் கூடாது. தனியாத்தான் போகணும். தலைவர்கிட்டப் போய்ச் சொல்லு. அவர் சம்மதிச்சாத்தான் அவருக்கும் முழுக்கு, உனக்கும் முழுக்கு."

வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறைகிறது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதைக் கொண்டுபோய்ச் சொல்ல நான்தானா கிடைத்தேன்? சொன்னால், என் உயிருக்காகக் குருவிடம் பேசி முடித்துக்கொண்டு வந்தேன் என்றுதானே நினைப்பார்? சொல்லாமல் விட்டால் — சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

எபெப் 21

சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தனியாவா?"

"ஆமாய்யா."

"குதிரைகூட இல்லாமலா?"

"ஆமாய்யா."

"என்ன சாமிடி அது? ஊரையே ஆண்டவனைப் பிச்சைக்காரன் மாதிரி ஒத்தையில வரச் சொல்ற சாமி. வேணாம். நான் முங்கல. மலோதொன்கிட்டப் போய்ச் சொல்லு, மேட்டைப் பெருசாவே போடட்டும்."

போய்ச் சொன்னேன். இந்த வாயாலேயே சொன்னேன்.

எபெப் 22

குழி வெட்டுகிறார்கள். மண்வெட்டிச் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

எபெப் 24

லபகி வந்து, "ஓடிப் போயிடுக்கா. பாலைவனக் கிணத்துக்காரங்க ஒட்டகத்தோட கிளம்பறாங்க, நான் பேசி வச்சிருக்கேன்," என்றாள்.

"போயிட்டா அவருக்கு யாருடி ஊத்துவா?"

அவள் என்னை அடிக்காத குறை. "உன்னைக் கொல்லப் போறாங்க, நீ அந்தாளு தாகத்தைப் பத்திப் பேசறே" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொல்வது சரிதான். சாக எனக்கு இஷ்டமே இல்லை. கொஞ்சங்கூட இல்லை. ஆனா அந்த மனுஷனை இப்படி விட்டுட்டுப் போகவும் கால் வரமாட்டேங்குது. நேற்று தலையணையைச் சரி பண்ணினேன், குழந்தை மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சாவைப் பார்த்துப் பயப்படுகிறார். வேறென்ன, ஒத்தையில் போகப் பயம். என்னைக் கொன்றுதான் அந்தப் பயம் தீர வேண்டுமா? கோபம் கோபமாக வருகிறது. இது என்ன புத்தியோ, ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது.

எபெப் 27

கொல்லூத் குருவே வெயிலில் வந்து நின்றார். தலையில் ஈரத்துணி, முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. ஐயா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க சாமி வீட்ல விருந்து உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு."

"யாரு ஊத்துவா?"

"எங்க கர்த்தரே பரிமாறுவார்."

"வீட்டுக்காரரேவா?"

"வீட்டுக்காரரேதான். வந்தவங்க காலையும் அவரே கழுவுவார்."

ஐயா இருமல் வரும்வரை சிரித்தார். "கேட்டியா நதேவி? வேலைக்கு ஆள் வைக்க வக்கில்லாத வீடு."

குரு கோபப்படவில்லை. "வக்கு இருக்கு தலைவரே. அவருக்கு ஆசை, அதனால ஊத்தறார்," என்றார்.

ஐயாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் குருவுக்கு ஆட்டுப்பால் கொடுத்து அனுப்பினேன்.

மெசோரே 2

ஆறு ஏறத் தொடங்கிவிட்டது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது.

சாயங்காலம் ஊற்றப் போனேன். ஐயா கையை நீட்டி ஜாடியை வாங்கிக்கொண்டார்.

"கோப்பையைப் பிடி."

பிடித்தேன். ஊற்றிப் பழகாதவர், கட்டிலெல்லாம் கொட்டியது. மீதியை ஊற்றிவிட்டார்.

"குடி."

"ஐயா, வேணாம் —"

"குடிடி. அங்க அப்படித்தானாம். பெரியவங்கதான் ஊத்தணுமாம். நான் போய் முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல? பழகிக்கிறேன்."

குடித்தேன்.

"புளிக்குதா?"

"இல்லய்யா."

"நான் ஊத்தினா புளிக்காது," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். கட்டத் தெரியவில்லை.

மெசோரே 4

அவரைக் குகைக்குத் தூக்கிப்போக முடியாது. குரு வீட்டுக்கே வந்து, இதே கோப்பையால் ஆற்றுத் தண்ணீரை மொண்டு அவர் தலையில் ஊற்றினார். அடுத்தது நான் என்று திரும்பினார். "இப்ப வேணாம்" என்றேன்.

பிறகு ஐயா ஊரைக் கூப்பிட்டுவைத்துச் சொன்னார்: "நான் தனியாப் போறேன். ஒருத்தரும் கூட வர வேணாம்." அவருக்கு இன்னும் பயம்தான். பயத்தோடேயே சொன்னார்.

"காய்ச்சல்ல உளர்றாரு" என்று மலோதொன் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மெசோரே 7

ஐயா போய்விட்டார்.

மெசோரே 8

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் மலோதொன் ஆட்களோடு வந்தான். "காய்ச்சல்ல சொன்னதெல்லாம் செல்லாது. முறைன்னா முறை. நதேவி, நல்ல துணியாக் கட்டிக்கிட்டு வா." ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றது. குரு ஏதேதோ கத்தினார், அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். என் கால் தானாக உள்ளே போனது, நல்ல துணியை எடுக்க. அத்தனை வருஷப் பழக்கம்.

அப்போது லபகியின் குரல் கேட்டது.

"முறைன்னா முழுசாச் செய்யுங்க. முதல்ல குதிரை, அப்புறம்தான் பொம்பளை. குதிரை எங்க? கொண்டாந்து குழியில இறக்குங்க, எங்கக்கா தானா வருவா."

குதிரை கொட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. முதுகில் மலோதொனின் புதுச் சேணம். நேற்று ஐயாவின் உடல் உள்ளே கிடக்கும்போதே அதன்மேல் ஏறிப் போய்வந்திருக்கிறான். எல்லோரும் சேணத்தைப் பார்த்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "அதானே, குதிரையைப் பிடிங்கப்பா," என்றார்கள். குழி வெட்டியவன் ஒருவன் நிஜமாகவே கடிவாளத்தில் கை வைத்துவிட்டான்.

மலோதொன் பாய்ந்துபோய் அவன் கையைத் தட்டிவிட்டான். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றான். பிறகு, "மாமா வாக்கு வாக்குதான். அதை மீற நான் யாரு?" என்றான்.

ஐயா பயத்தை விழுங்கி வாக்குக் கொடுத்தார். அது நிற்பதற்கு ஒரு குதிரை வேண்டியிருந்தது.

ஐயாவை வெறும் துணியில் சுற்றி, மேற்கே தலை வைத்து, ஒடுக்கமான குழியில் கிடத்தினார்கள். மேடு இல்லை. கோப்பையை உள்ளே போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. அங்கே அவருக்கு வேறு யாரோ ஊற்றுகிறார்கள். அப்படி நினைக்காவிட்டால் அங்கிருந்து நகர்ந்திருக்க மாட்டேன்.

தோத் 15

காலையில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வரை போய்விட்டேன். மலோதொனின் பாய் விரித்துக் கிடந்தது. திரும்பி வந்தேன்.

தெருவில் இப்போதெல்லாம் யாரும் வழி விடுவதில்லை. மீன் விற்கிறவள் ஒருத்தி என்னை இடித்துவிட்டு, "கண்ணு தெரியலையா?" என்று திட்டினாள். நன்றாக இருந்தது.

பாவோபி 6

குரு, "எப்ப வர்றே?" என்று மறுபடி கேட்டார்.

"உசிரு தப்பிச்சதுக்காக வந்தேன்னு ஆகக் கூடாது. அது உங்க சாமிக்கே கேவலம். எனக்கா வரணும்னு தோணட்டும்."

அவர் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே யோசித்தார். "சரி. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்," என்றார்.

அதோர் 12

வெள்ளம் வடிந்துவிட்டது. லபகியின் நிலத்தோரத்தில் வண்டல் கணுக்கால் வரை கிடக்கிறது. தாய்மரத்திலிருந்து பிரித்த பேரீச்சங்கன்று ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

"நட்டு வை. காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இருப்பியா, இல்ல யார் கூடயாவது கிளம்பிடுவியா?"

பழைய கேலி. போடி என்றேன். மண்ணைப் பிடித்து அமுக்கிவிட்டு, கோப்பையால் ஆற்றில் மொண்டு ஊற்றினேன். குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது. நாளைக்கும் ஊற்ற வேண்டும்.

முழுக்கைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அறுவடை முடியட்டும், பார்க்கலாம். எனக்கு நாள் இருக்கிறது.