துரை மேய்ந்த அருகம்புல்

காஞ்சிபுரம்
18-8-1968

சிரஞ்சீவி கைலாசத்துக்கு அம்மா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், பிலாய் இரும்பாலையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நாலு மாதமாக அப்பா கையெழுத்தையே பார்த்தவனுக்கு இது அதிசயமாக இருக்கும். கேண்டீனில் முட்டை சாப்பிடுகிறேன் என்று சித்திரையில் நீ எழுதியதிலிருந்து நான் பேனாவைத் தொடவில்லை. லீவில் வந்தால் எங்களோடு சேராமல் உனக்குத் தனித் தட்டுதான் என்று அப்பாவை எழுதச் சொன்னதும் நான்தான். அதை அப்புறம் சொல்கிறேன். இப்போது சங்கதி துரையைப் பற்றி. நீ தாமல் ஏரிக்கரையிலிருந்து சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தாயே, அந்தப் பூனை இப்போது உன் அப்பாவைவிட அதிகாரமாக வீட்டில் உலாத்துகிறது.

ஆடி மழையில் கிணற்றடியில் அருகம்புல் அடர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் பறிக்கப் போனால் எனக்கு முன்னால் துரை உட்கார்ந்து, தலையை ஒருக்களித்துக் கடைவாயால் கடித்துக்கொண்டிருக்கிறது. மாடு மேய்ந்து பார்த்திருக்கிறேன், பூனை மேய்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்த பெருமையைக் கேட்காதே. மூன்று தலைமுறையாகக் கவிச்சி நுழையாத வீடு, தயிர்சோறு தின்று தின்று வாயில்லாத ஜீவன்கூட சைவமாகிவிட்டது, நான் பெற்ற பிள்ளைதான் கெட்டுப்போனான் என்று, தெருவில் நெசவுக்குப் பாவு நூல் நீட்டிக் கஞ்சி போடுகிற இடத்தில் நாலு பேர் காதில் விழச் சொன்னேன். எதிர்வீட்டுக் கமலாட்சி அந்த அதிசயத்தைப் பார்க்க வந்தாள். துரையும் சமயம் பார்த்துத் தறிக்குழி ஓரம் வந்து நின்று, உடம்பைக் குறுக்கிக் குறுக்கிக் கக்கியது. புல் வந்தது, புல்லோடு ஒரு எலிவாலும் வந்தது. கமலாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யக்கா உங்க சைவப் பூனை விரதம் முடிச்சிக்கினு வந்திருக்குது போலிருக்குதே என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மானம் போயிற்று.

கோணியில் கட்டித் தாமலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று உன் அப்பாவிடம் கத்தினேன். அவர் சிரிக்கிறார். இத்தினி வருஷமா பாவுல ஒரு இழைகூட எலி கடிக்கலியே, அது தயிர்சோத்தாலயா என்கிறார். பூனை வாசனைக்குப் பயந்து எலி வருவதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதே. சரி, எலி தின்றது அதன் பிறவிக்குணம். புல்லை ஏன் தின்ன வேண்டும்? அதுதான் என் மண்டையைக் குடைந்தது. வயிற்று வலிக்கு மருந்து என்றாள் கமலாட்சி. பத்து நாள் பின்னாலேயே திரிந்து பார்த்தேன். ஒன்பது தரம் மேய்ந்தது, கக்கியது இரண்டே தரம். மற்ற நாளெல்லாம் தின்றுவிட்டு ஓட்டின்மேல் ஏறிக் குதியாட்டம் போட்டது. சீக்குப் பிடித்தது அப்படி ஓடுமா? பசியோ என்றால், தட்டு நிறைய வைத்துத் தின்ற நாளிலும் போயிற்று. பறித்துப் போட்ட புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை, நிற்கிற புல்லின் நுனிதான் அதற்கு வேண்டுமாம். கடைசியில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கிற முனுசாமியை நிறுத்திக் கேட்டேன். ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாதும்மா, சீக்கு இல்லாத பூனையும் தின்னுது, காட்டுல இருந்த காலத்துல வயித்துப் பூச்சியத் தள்ளறதுக்குத் தின்னு தின்னு பழகினதா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு என்றான். ஆக நம் வீட்டு ஆசாரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நானாகக் கட்டிவிட்ட பட்டம்.

கோணியை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன். துரை காலைச் சுற்றியது, வழக்கம்போலப் பால் ஊற்றினேன். ஊற்றும்போதுதான் சுருக்கென்றது. ஒளித்துத் தின்ற பூனைக்குப் பால் ஊற்றுகிறேன். அம்மாவிடம் மறைக்கக் கூடாது என்று எழுதிய பிள்ளையோடு நாலு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எங்கே தெரியப்போகிறது? தப்பு என்னுடையதுதான் கைலாசம். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் இந்த இன்லண்டு லெட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பார்த்துவிட்டார், தறியில் நாடாவை ஓட்டிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார்.

அங்கே உலை வேலைக்கு என்ன வேண்டுமோ சாப்பிடு, வயிற்றைக் காயப்போடாதே. ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. எண்ணெய் தேய்த்துக் குளி. எதுவானாலும் எனக்கு எழுது, நான் கோபித்தாலும் எழுது. காமாட்சி துணையிருந்து நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். தீபாவளி லீவுக்கு இப்போதே எழுதிப் போட மறந்துவிடாதே. பேர் வெட்டிய உன் பழைய தட்டைப் புளி போட்டுத் துலக்கி, அப்பா தட்டுக்கும் என் தட்டுக்கும் நடுவில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
ஏலவார்குழலி