மதிலில் நான் நிறுத்திய பேச்சு

அன்புள்ள அப்பா,

போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

குரோஷியாவில், டுப்ரோவ்னிக் நகரின் பழைய கோட்டை மதில்மேல் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண், கீழே தெரிந்த கூரைகளைக் காட்டி, புதுச் சிவப்பு ஓடுகள் எல்லாம் போரில் ஷெல் விழுந்தபின் மாற்றியவை என்றாள். நீங்கள் கையை உயர்த்தி, தெரிந்த ஆங்கிலத்தில், "முல்லைத்தீவில் எங்கள் வீட்டிலும் விழுந்தது. என் தம்பி உள்ளே..." என்று தொடங்கினீர்கள்.

"காணும் அப்பா, நிப்பாட்டுங்கோ, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றேன் நான்.

நீங்கள் எல்லோரையும் பார்த்து ஆங்கிலத்தில் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசியில் போய் நின்றீர்கள். மிச்ச நடை முழுவதும் எல்லோருக்கும் பின்னாலேயே வந்தீர்கள். நான் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, உங்கள் தம்பிக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே, இந்த முப்பத்தொரு வயதில், அன்றைக்குத்தான் தெரியும். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குக் களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் மெல்பேர்ன் திரும்பி மூன்று வாரமாகிறது. நீங்கள் போனில் இங்கே மழையா என்று மட்டும் கேட்கிறீர்கள்.

சனிக்கிழமை சிட்னிக்கு உங்களிடம் வருகிறேன். குறுக்கே பேசமாட்டேன். முதலில் சித்தப்பாவின் பெயரைச் சொல்லுங்கள், அப்பா.

உங்கள் மகள்