பாதி வீடும் நான்கு அங்குல வெடிப்பும்

ஒக்ரோபர் 20, திங்கள்

மழை. ஹீற்றர் இன்னும் போடவில்லை. காலில் இரண்டு சோடிச் சொக்ஸ்.

அறிவித்தல். ரொறன்ரோ கபேஜ்டவுனைப் (தமிழில் முட்டைக்கோவாப்பட்டினம்) பிறப்பிடமாகவும், எங்கள் வரவேற்பறைச் சுவரை வதிவிடமாகவும் கொண்ட செல்வன் வெடிப்பு அவர்கள் இன்று மாலை 4.10க்குத் திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே பிறந்தார். நீளம் நான்கு அங்குலம். அன்னார் அக்காவின் ஐப்ரோ பென்சிலின் அன்பு மகனும், ஜெரோம் ஆகிய எனது பாசமிகு படைப்பும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஒருவரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

செய்முறை: கீறிவிட்டு ஆள்காட்டி விரலால் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் வெறும் கோடு. தேய்த்தால் வெடிப்பு. இந்தக் கை எதற்கும் நடுங்காது.

காரணம்: வீட்டை விற்றுவிட்டு அஜக்ஸ் போகப்போகிறோமாம், 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் தள்ளிச் சித்தி இருக்கிற ஊர். அப்பாவின் முடிவு. முன்னால் பலகை நட்டாயிற்று. அதில் ஏஜென்ற் ரவி அங்கிளின் முப்பத்திரண்டு பல்லும். வாங்க நினைக்கிற ஆட்கள் சனிக்கிழமை இன்ஸ்பெக்ஷன்காரரோடு வருகிறார்கள். சுவர் வெடித்த வீட்டை யார் வாங்குவான்?

குறிப்பு: எனக்கு இந்த வீட்டில் பாசம் ஒன்றும் கிடையாது. பாசி உண்டு, பாத்றூமில். இது கலைக்காக மட்டும்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

குளிர். கணக்குச் சோதனை. அதைப் பற்றிப் பேசாமல் விடுவோம்.

ரவி அங்கிளின் விளம்பரம் ஒன்லைனில் வந்துவிட்டது. "கிளாசிக் விக்ரோரியன் பே-அன்ட்-கேபிள்." பதினைந்து வருடமாக இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இன்றுதான் தெரியும். பே என்பது தரையிலிருந்து மேல்மாடி வரைக்கும் வயிறு போலத் தள்ளிக்கொண்டு நிற்கிற முன் ஜன்னல். கேபிள் அதன் தலையில் உள்ள கூர்த்தொப்பி. தொப்பி விளிம்பில் மரத்தில் வெட்டிய லேஸ். உடம்பு ஒல்லி, நீளம் அதிகம். ஒட்டிப் பிறந்த இரட்டை. வலது பாதி நாங்கள், இடது பாதி கார்லா. கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே திருப்பி வைத்த வீடு அவளுடையது. நடுவில் ஒரே சுவர்.

எங்கள் தொப்பி லேஸை அப்பா பச்சை அடித்து வைத்திருக்கிறார். கார்லாவுடையது வெள்ளை. உச்சியில் நூல் பிடித்தது போல நிறம் மாறும். தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள்.

"பேய் அன்ட் கேபிள் எண்டு போட்டிருந்தா இன்னும் சனம் வந்திருக்கும்" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. வழமையில் இதைவிட மோசமானதுக்கும் சிரிப்பார்.

அம்மாதான் வெடிப்பைக் கண்டுபிடித்தது. "இஞ்சருங்கோ, ஆண்டவரின்ர படத்துக்குக் கீழ சுவர் பிளந்து கிடக்கு. அவர் எங்களுக்கு என்னமோ சொல்லுறார்."

நான் ஆண்டவரைப் பார்த்தேன். ஆண்டவர் என்னைப் பார்த்தார்.

பிறகு அளவு ரேப்பை எடுத்து ஒரு பெருமைக்காக அளந்தேன்.

ஆறரை அங்குலம்.

நான் கீறியது நாலு.

ஒக்ரோபர் 22, புதன்

மூடுபனி. பஸ் பிந்தியது.

ஒன்பது அங்குலம். படச் சட்டத்தின் மறுபக்கத்தால் மேலே ஏறியிருக்கிறது. என்னுடையதைவிடத் தடிப்பு. அழகு குறைவு, ஆனால் நம்பும்படியாக இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

சந்தேகநபர்கள்:

1. கார்லா. பேஸ்மென்ற் தோண்டுகிறாள். நாள் முழுக்க டொக் டொக். உண்மையான வெடிப்பாகவே இருக்கலாம். (அப்படியென்றால் என்னுடையதைப் பார்த்துச் சுவருக்கு ஆசை வந்ததா?)
2. அக்கா. இன்று காலை: "டேய், என்ர ஐப்ரோ பென்சில் எங்கயடா?" "எனக்கென்ன தெரியும், என்ர புருவம் இயற்கை." "கள்ளா, உன்ர முழியே சரியில்லை." அதிகம் கத்துகிறாள். அதிகம் கத்துகிறவர்களை நம்பக்கூடாது.
3. அம்மா. பகல் முழுக்க வேலையில். ஆனாலும்.
4. ஆண்டவர். ஒவ்வொரு நாளும் அந்த இடத்திலேயே இருக்கிறார்.

அப்பா பட்டியலில் இல்லை. விற்க நிற்கிறவரே அவர்தான்.

கார்லாவைப் பற்றி அப்பாவின் காதில் போட்டேன். "அவ தோண்டுறதாலதானப்பா எங்கட சுவர் வெடிக்குது." போன மாரியில் அவள் தள்ளிய ஸ்னோ எங்கள் பாதியில் ஒரு சாண் விழுந்ததற்குச் சேட்டுக்கு மேல் ஜக்கெற்கூடப் போடாமல் வெளியே போய்ச் சண்டை பிடித்த மனிதர். இன்று சொன்னது: "பாவம், தனி மனிசி. தோண்டட்டும்."

சந்தேகம். பெரிய சந்தேகம். ஆனால் எதன் மேல் என்று தெரியவில்லை.

ஒக்ரோபர் 23, வியாழன்

பொறி வைத்தேன். பள்ளிக்கூடம் போக முதல் படத்தின் கீழே நிலத்தில் மெல்லிதாக அரிசிமா. கால் தடம் விழும், அளந்தால் ஆள் பிடிபடும். இப்படி ஒரு மூளை இந்தத் தெருவிலேயே கிடையாது.

பின்னேரம் வந்து பார்த்தால் நிலம் பளபள. அப்பாவுக்கு இந்தக் கிழமை பின்னேர ஷிஃப்ற், பகலில் வீட்டில் நிற்கிறார். போனில் கேட்டேன்.

"மா கொட்டிக் கிடந்தது, கூட்டினனான். கொம்மா பிட்டு அவிச்சவ போல."

வரவேற்பறையிலா?

வெடிப்பு: பதின்மூன்று அங்குலம்.

அம்மா சொன்னது: காலையில் அவ வேலைக்குப் போக முதல் ரவி அங்கிள் வந்தாராம்.

"அண்ணை, உதுக்குக் கொஞ்சம் பிளாஸ்ரர் பூசி விடுங்கோவன்."

"ஓமோம், பாப்பம். மழை விடட்டும்."

"அண்ணை, சுவர் வீட்டுக்குள்ள எல்லோ இருக்கு."

"ஈரப்பதன் ரவி, ஈரப்பதன்."

"மற்றது, அந்தப் பச்சையையும் வெள்ளையாக்கோணும். வாங்கிற சனம் பயந்திடும்."

"ஏணி உடைஞ்சு போச்சு."

ஏணி உடையவில்லை. நேற்று நான் அதில் ஏறினேன்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

வெயில். பல் டொக்ரர், அதனால் பாதிப் பள்ளிக்கூடம். பதினொன்றரைக்கு வீட்டுப் பக்கம். வாயின் இடப்பாதி விறைத்துப்போய்.

பே ஜன்னலில் ஒரு வசதி: பக்கக் கண்ணாடிகள் சரிவு. நடைபாதையில் நின்றால் முழு வரவேற்பறையும் தெரியும். ஆட்கள் மறந்துவிடுவார்கள்.

உள்ளே அப்பா. கதிரை மேல் ஏறி. கையில், தான் வேலை செய்கிற கதவுத் தொழிற்சாலையில் பாவிக்கிற தட்டைப் பென்சில். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் படம் கீறுவது போல. ஒரு அங்குலம் கீறுகிறார், கதிரையிலிருந்து இறங்குகிறார், தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்க்கிறார், திரும்ப ஏறுகிறார். முடிவில் ஆண்டவருக்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. கார்லாவின் படியில் அரை மணித்தியாலம் இருந்தேன். விறைப்பு இறங்கத்தான்.

அப்பா என்னுடைய நாலு அங்குலத்தை உண்மை என்று நினைத்து அதைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறார். போகவேண்டாம் என்று வாயால் சொன்னால் என்ன?

ஒக்ரோபர் 25, சனி

காற்று. இலை முழுக்க எங்கள் பாதியில்.

அம்மா படம் துடைத்ததில் என் பகுதி மங்கிவிட்டது. ஒன்பதரைக்கு அதே பென்சில், அதே விரல்: கலைஞனின் இறுதித் தீட்டல். பத்துக்கு வந்துவிட்டார்கள்: ஒரு இளம் சோடி, நெட்டை இன்ஸ்பெக்ஷன்காரர், ரவி அங்கிள், ரவி அங்கிளின் சென்ற் வாசம்.

நெட்டையர் கூரை பார்த்தார், பே பார்த்தார், தலையாட்டினார். பிறகு சுவர். குனிந்தார். பெருவிரலை நாக்கில் தொட்டு வெடிப்பில் வைத்து ஒரு இழுவை. மேலேயும் ஒன்று. கீழேயும் ஒன்று.

"பென்சில்" என்றார்.

என் நாலு அங்குலமும் போய்விட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேல் பகுதி போனதற்கு இல்லை, கீழ் பகுதியும் போனதற்கு.

ரவி அங்கிள்: "ஆர் பாத்த வேலை உது?"

நான் கல் மாதிரி நின்றேன். கண் இமைக்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. இதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

அப்பாதான் சொன்னார். "நான்தான் கீறினனான். முழுக்க நான்."

"அண்ணை, உங்களுக்கு விசரே?"

"ஓம் போலத்தான் கிடக்கு."

அம்மா: "அஜக்ஸ், அஜக்ஸ் எண்டு ஒத்தைக்கால்ல நிண்டது நீங்களெல்லோ?"

"நீ தங்கச்சிக்குக் கிட்டப் போக ஆசைப்படுறாய் எண்டு..."

"நான் எப்ப சொன்னனான்?"

"அவவின்ர வீட்டுக்குப் போயிட்டு வரேக்க ஒவ்வொருக்காலும் பெருமூச்சு விடுவியே."

"ஐயோ, அது 401 ட்ராஃபிக்குக்கு விட்ட மூச்சப்பா! நீங்கள்தான் கார் விட இடமில்லாமல் தெருத்தெருவாச் சுத்துறியள், பாவம், போவம் எண்டு நான் பேசாமல் இருந்தன்."

இளம் சோடி ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு வெளியே போனது. ரவி அங்கிள் பலகையைத் தானே பிடுங்கிக் காரின் பின்சீற்றில் எறிந்தார். அவருடைய சிரிப்பு தலைகீழாகப் போனது.

வீடு தப்பியது. தப்ப வைத்தது யார்? முதல் நாலு அங்குலம் யாருடையது? அவ்வளவுதான்.

அக்கா என்னோடு கதைக்கவில்லை. காரணம் தெரியாது.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். பூசைக்குப் போய் வந்தோம்.

அப்பா ஈரத்துணி இரண்டு எடுத்து ஒன்றை என்னிடம் தந்தார். மேல் பகுதி அவர், கீழ் பகுதி நான். முடிந்ததும், "உன்ர கோடு நல்லாத்தான் இருந்தது" என்றார். "என்ரதுதான் தடிச்சுப் போச்சு." பிறகு உடையாத ஏணியை எடுத்துக்கொண்டு பச்சை பெயின்ற் தேடப் போனார்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அக்கா ஏன் கதைக்கவில்லை என்பது தெரியும். இந்த வீட்டில் பாசம் இல்லை என்றதையும் ஆரும் நம்பவேண்டாம்.

ஒரு சொல் பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் கல் மாதிரி நிற்கவில்லை. ஆர் பாத்த வேலை என்று ரவி அங்கிள் கேட்டு முடிய முதலே கை நடுங்க நடுங்க அக்காவைக் காட்டினேன். படியில் கடித்த பாண் துண்டோடு நின்றவளை. காட்டிய விரலின் நுனி முழுக்க ஐப்ரோ பென்சில் கறுப்பு.

எல்லோரும் பார்த்தார்கள். அப்பாதான் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகுதான், "முழுக்க நான்" என்றார்.