உங்கள் செவ்வாய்க்கிழமை

அக்கா,

மருமகள் அடுப்பில் மக்கானா வறுக்கிறாள். நவராத்திரி பிறந்தால் தில்லியில் எல்லா வீட்டிலும் இந்த வாசனைதான். தாமரை விதை நெய்யில் பொரிந்து வெள்ளையாய் உப்பும் வாசனை. அது கூடத்துக்கு வந்ததும், நீங்கள் கிண்ணத்தோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்க் கொறிப்பது போலவே இருந்தது. சற்று நேரம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமியார் வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். ஆர்.கே.புரத்தில் உங்களுக்கு மேல் வீடு, எங்களுக்குக் கீழ் வீடு. நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. நீங்கள் சொன்னதும் மறக்கவில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கத் தொடங்கி, மூன்றாம் நாள் தாங்காமல் கதவுக்குப் பின்னால் நின்று தயிர்சாதம் தின்றேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மறுநாள் மலை மந்திர் முருகன் கோயில் வரிசையில், அத்தனை பெண்கள் நடுவில், "இவளுக்குச் சாமியே வயித்துலதான் இருக்கு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் வீட்டுக்காரர், என் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தாரே, அப்போதுதான் நீங்கள் செவ்வாய்க்கிழமையை முருகனுக்கு நேர்ந்துகொண்டீர்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை செவ்வாய் அன்று பட்டினி என்று. அதோடு நின்றிருக்கலாம். உங்கள் சமையலறையில் இரண்டு காலண்டர் தொங்கின. ஒன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய தமிழ்க் காலண்டர். மற்றது எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கொடுத்த இந்திக் காலண்டர். இதில் வெள்ளி, சனி, கிருத்திகை, பிரதோஷம். அதில் சோமவாரம், வியாழன், ஏகாதசி. எந்தச் சாமியையும் விட உங்களுக்கு மனசு வரவில்லை. கடைசியில் வாரத்துக்குப் புதனும் ஞாயிறும்தான் மிஞ்சின. அந்த இரண்டு நாளும் உங்கள் வயிறு சோற்றை மறந்துபோய், இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மற்ற நாளெல்லாம் ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். பருப்பு என்பதே உங்கள் வீட்டில் டப்பாவில் மட்டும்தான் இருந்தது.

"உடம்பு பஞ்சு மாதிரி இருக்குடி. காத்துல மெதக்கேன்" என்பீர்கள். உண்மையில் மிதந்துகொண்டுதான் இருந்தீர்கள். வளையல் முழங்கை வரை ஏறியது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ஒருநாள் வீங்கியிருந்த உங்கள் காலில் மருதாணி இட்டபோது, என் கட்டைவிரல் பட்ட இடம் பள்ளமாய் அப்படியே நின்றது. பார்த்தேன், அக்கா. சொல்லவில்லை. சொன்னால் வயிற்றுச் சாமிக்காரி பேசுகிறாள் என்பீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த கிருத்திகைக்கு மலை மந்திர் படியில் பாதியில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டீர்கள். எப்போதும் எனக்கு முன்னால் ஏறுகிறவர். நான் உங்களைத் தாண்டி ஏறிப்போனேன். அன்று உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த வாரமே குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தைத்த இடம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அந்த டாக்டர் சின்னப் பெண், இந்திக்காரி. "மாஜி, தால் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாள். நீங்கள் பெருமையாக, "வ்ரத் மே தால் நஹி", விரதத்தில் பருப்பு கிடையாது என்றீர்கள். அவள் உங்கள் தொடையை விரலால் அளந்து காட்டினாள். விரதம் இருப்பது குற்றமில்லை, சாப்பிடுகிற நாளிலும் பருப்பு, பனீர், தயிர் எதுவுமே போகவில்லையென்றால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும், இந்த வயதில் போன சதை லேசில் திரும்பாது, புண்ணும் ஆறாது என்றாள். புண் ஆறி நீங்கள் நடக்கும்வரை ஒருநாள்கூடப் பட்டினி கூடாது என்றாள். முட்டை என்று தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டீர்கள்.

மற்றதையெல்லாம் விட்டீர்கள். செவ்வாயை விடவில்லை.

"அது ஒங்க அத்தான் உயிருடி. நான் வாய தொறந்தா அவுகளுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"அப்ப செவ்வாய நான் எடுத்துக்கிடுதேன்."

"நீயா? தயிர்சாதக்காரியா?"

"வீட்டு ஆளு யாரு எடுத்தாலும் சாமி ஏத்துக்கிடுமாம். கோயில் குருக்கள்ட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க வாயத் தொறங்க."

பாசத்தில் மட்டும் சொன்னேன் என்று எழுதினால் பொய். உங்கள் வாயை அடைக்கவும் சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகள் இன்றைக்கும் கனவில் வருகின்றன. வேப்பமரத்து வெயில் சுவரில் அசையும். பசி மத்தியானம்வரை குத்தும், மூன்று மணிக்கு மேல் அடங்கி, தலைக்குள் மெல்லிய மணி ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் பாசிப்பருப்பை நெய் விட்டுப் பிசைந்து, என்னைப் பார்க்காமல் உண்பீர்கள். உங்கள் கன்னம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பி வந்தது. என் பசிதான் அங்கே போய்ச் சேருகிறது என்று தோன்றும். கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், வறுத்த வேர்க்கடலை என்று மற்ற நாளும் நீங்கள் விடவில்லை. புண் ஆறியது. நாலு மாதத்தில் கோலை ஊன்றி நடந்தீர்கள். காலை அமுக்கிப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை.

"இனி உங்க செவ்வாய நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்டி. நல்லாத்தான் இருக்க வெரதம்."

என்னை நீங்கள் மெச்சியது அந்த ஒருமுறைதான். செவ்வாய் அப்படியே என்னிடம் தங்கிவிட்டது. வரிசையில் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவே இல்லை. எட்டு வருடம் நன்றாக இருந்து, போன தை மாதம் ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். நானும் அந்தச் சொல்லை இன்னும் மன்னிக்கவில்லை.

அத்தான் இப்போது எங்களோடுதான் இருக்கிறார், ஞாபகம்தான் அடிக்கடி தவறுகிறது. மருமகள், "அத்தை, உங்க வயசுல எதுக்கு இதெல்லாம்? நேந்துக்கிட்டவங்களே போயாச்சு" என்கிறாள். போன செவ்வாய் தலை சுற்றியது. போதும் என்று தட்டில் சோறு போட்டு, பருப்பை ஊற்றிக் கை வைத்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அத்தான், என்னை நீங்கள் என்று நினைத்துக்கொண்டு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு, வாயில் வைக்காமலே கையைக் கழுவினேன்.

புதன்கிழமை காலையில் பருப்பு இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொள்கிறேன், அக்கா. அடுத்த செவ்வாய்க்குத் தாங்க வேண்டுமே.