டீக்கடையில் பாதி மாத்திரை

பேரணாம்பட்டு,
ஞாயிறு மாலை

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான்.

இரண்டு மாதமாக எனக்கு அவர் மேல் சந்தேகம். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியதும் என் எதிரில் மாத்திரை போட்டவர், பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "டீக்கடையில முழுங்கிக்கிறேன்" என்று கிளம்ப ஆரம்பித்தார். அட்டையை எண்ணினால் சரியாக இருக்கிறது, ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மறுபடி பீடியோ என்று சட்டையை மோந்து பார்த்தேன், அந்த வாடையும் இல்லை. போன வாரம் வியாழக்கிழமை பின்னாலேயே போய்விட்டேன். பெஞ்சில் அவரோடு வேலை செய்த அதாவுல்லா பாய். உன் அப்பா மாத்திரையைப் பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை அவருக்குக் கொடுக்கிறார்!

பிடித்துக் கேட்டால், "தோல் கம்பெனியில இருபத்தஞ்சு வருஷம் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில நின்னோம். டாக்டர் எனக்கு ரத்தக்குழாயில கால்சியம் படிஞ்சிருக்குன்னாரு, அவனுக்கு மட்டும் படியாதா? அவனுக்கும்தான் மூச்சு வாங்குது" என்கிறார். இதய செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்கினால்தான் துடிப்பு, அழற்சி வந்தால் அது தடுமாறும், குழாயில் படிவதும் தொட்டிச் சுண்ணாம்பு இல்லை என்று நீதானே உன் ஆராய்ச்சியைப் படம் போட்டுக் காட்டினாய். அதைச் சொன்னால் "உனக்கு இன்னா தெரியும்" என்கிறார். பாதி மாத்திரைக்குப் பாதி உயிர்தான் மிஞ்சும் என்று கத்திவிட்டு அழுதேன், பிரிசி. எனக்குப் பயமாக இருக்கிறது.

பாயையும் நான் விடவில்லை. திங்கட்கிழமை அவரையும் அவர் மனைவி குர்ஷித்தையும் வேலூருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன், உன் அப்பாவும் கூடவே வந்தார். டாக்டர் பாயை அங்கேயே படுக்க வைத்துவிட்டார். அடைப்பு ஜாஸ்தி, இன்னும் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றார். நான் அப்பவே சொன்னேன்ல என்கிற மாதிரி உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இப்போது முழு மாத்திரையும் என் எதிரில்தான், வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பாயைப் பார்க்கக் கிளம்பினால் சட்டைப் பையைத் தடவாமல் விடுவதில்லை. இன்று காலை ஏதோ புடைப்பாகக் கையில் பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு சாத்துக்குடி. "இது முழுசும் அவனுக்குத்தான், போதுமா" என்றார்.

கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பார். வேளைக்குச் சாப்பிடு. நீ சொன்னால்தான் அவர் கேட்பார், கட்டாயம் பேசு. நான் எழுதினதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா
அமிர்தவள்ளி